முப்பத்தொரு பக்கத்தில் ஒன்பது வரி

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

என் அக்கா பெற்ற அருமை மகளுக்கு,

மாமன் கைப்பட எழுதும் கடிதம். எந்திரத்தில் அடித்து அனுப்பினால் என் கையெழுத்தின் அழகு உனக்கு எப்படித் தெரியும்? இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது, வானிலை ஆபீஸ்காரன் தோற்றான். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். நீ நாலு வரி எழுதினால்தானே சரியாகத் தெரியும்.

ஏல மண்டியில் வியாபாரம் அமோகம். என் தொண்டை இன்னும் இளசுதான். போன வாரம் மூன்று காலும் ஒரு செங்கல்லும் கொண்ட மேசை ஒன்று வந்தது. முதலாளி அதை விறகுக்குப் போடு என்றார். நான் மேடை ஏறி, இது மூலையில் வைப்பதற்கென்றே பெரிய மனிதர்கள் சொல்லிச் செய்த மேசை, நாலாவது கால் வைத்தால் மூலைக்கு அவமரியாதை என்று ஒரு போடு போட்டேன். இரண்டு பேர் போட்டி போட்டார்கள். வாங்கினவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனின் குரலை ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே. வாய்மொழி வரலாறு என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். சண்டை நடந்த வருஷங்களில் வீடு இழந்து, அப்பா அம்மா இழந்து, இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளை இப்போது தேடிப் பிடித்து, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்கிறார்கள். நூலகத்து வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் பார்த்த அன்றைக்கே மாடி ஏறிவிட்டேன்.

பதிவு செய்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டவள். நூலகத்துக்கு மேலே ஒரு சின்ன அறை, ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருக்கிறது. சுவரில் இருந்த கடிகாரத்தையே கழற்றி வெளியே வைத்தாள், டிக் டிக் சத்தம் விழுமாம். என் சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் பேசும்போது ம் கூடச் சொல்லமாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். முதல் பத்து நிமிஷம் இவளுக்குப் பேச்சு வராதோ என்று பயந்தேன். அவளுக்குக் கொட்டாவி வந்தபோது கூட சத்தமில்லாமல்தான் வந்தது. மூன்று தடவை உட்கார்ந்து ஏழு மணி நேரம் பேசியிருக்கிறேன். இதுவரை நூறு பேரைப் பதிவு செய்திருக்கிறாளாம், என் மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லை என்றாள். வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னாள்.

எல்லாம் சொன்னேன். உன் தாத்தா கப்பலில் பெரிய அதிகாரியாக இருந்தது, நாங்கள் இருந்த இல்லத்தில் குதிரை இருந்தது, வார்டன் அம்மாவை நான் நேருக்கு நேர் எதிர்த்துப் பேசி ரொட்டியின் அளவைக் கூட்ட வைத்தது. அப்புறம் பட்டாணி கதை. எங்கள் கடைக்குட்டித் தங்கை, உனக்குச் சித்தியாக இருந்திருக்க வேண்டியவள். உருண்டையாக இருந்ததால் பட்டாணி. சாப்பிட அடம் பிடிக்கும்போதெல்லாம் உனக்கு நான் சொல்வேனே, அதே நீலக் கார் கதை. எவ்வளவு பெரிய கார், முன்னால் வெள்ளிக் கொம்பு மாதிரி ஹாரன், வந்த தம்பதி அவள் உயரத்துக்கே ஒரு பொம்மை கொண்டுவந்தது, பின் கண்ணாடி வழியாக அவள் சிரித்துக் கையாட்டிக்கொண்டே போனது, சீக்கிரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போகிறோம் என்று அவர்கள் சொன்னது. சொல்லி முடித்ததும் அந்தப் பெண் எழுதினாள், எழுதினாள், அப்படி எழுதினாள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் நீலக் கார் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை இருக்கப்போகிறது, தேடிப் பார்ப்போம் ஐயா என்றாள். ஓய்வுபெற்ற ஒரு போக்குவரத்து ஆபீஸ்காரர் பழைய பதிவேடுகளைப் புரட்டப் போகிறாராம். பார், உன் மாமன் வாயைத் திறந்தால் அரசாங்கமே அசைகிறது.

உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “ஏன்டா, ஏழு மணி நேரமா? அந்தப் பொண்ணுக்குத் தண்ணியாவது குடிக்க விட்டியா?” என்றாள். பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திடீரென்று ஒரு நாள், “நீ ஜரிகை வெச்சுத்தான் சொல்லியிருப்ப. நான் போய் இருந்தது இருந்தபடி சொல்லிட்டு வரேன்” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நம் வீட்டில் அந்த வருஷங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். நானே வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்துப் போனதற்கு அவள்தான் சாட்சி.

கடைசியாக ஒன்று. நீயும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது எனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போகும்போது பேத்தியை விடுகிற பிள்ளைகள் காப்பகத்துக்கு ஒரே நாளில் ஆறு தடவை போன் செய்து, பேத்தி இருக்கிறாளா, இப்போது இருக்கிறாளா என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அங்கே வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள் என்று நீ அவளிடம் கத்தியதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் போனையே தொடுவதில்லை. என் வீட்டுக்கு வந்தால் போன் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்காருகிறாள். பெரிய மனசு பண்ணு.

எல்லாருக்கும் என் ஆசி. பேத்திக்கு ஒரு முத்தம் கூடுதல்.

அன்புள்ள,
மாமன்


செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகவில்லை

அன்பு மகளே,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். போன கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு பேனாவும் எடுத்துக்கொள். அடித்துவிட வேண்டியது நிறைய இருக்கிறது.

நீ அனுப்பின படம் வந்தது. பேத்திக்கு முன் பல் இரண்டும் அழகு. உன் அம்மாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

போன மாதம் பதிவுக்காரப் பெண் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் பேசினதையெல்லாம் எழுத்தாக்கி வைத்திருந்தாள், முப்பத்தொரு பக்கம். சொன்னவர்களிடமே கொடுத்துத் திருத்த வைப்பது அவர்கள் வழக்கமாம். வேண்டாததை அடிக்கலாம், விட்டதைச் சேர்க்கலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டை போட்டுப் புத்தகமாகவே தருவீர்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். “ஐயா, ஒரே ஒரு உதவி. இதுல நீங்க உங்க கண்ணால பார்த்தது எதுவோ, அதுக்குக் கீழ மட்டும் கோடு போட்டுக் கொண்டு வாங்க. மத்ததைத் தப்புன்னு சொல்லலை. அதுவும் இருக்கட்டும். கோடு மட்டும் பார்த்ததுக்கு” என்றாள்.

எதற்கு என்று கேட்டேன். போக்குவரத்துப் பெரியவர் நாலு மாதம் பழைய பதிவேடுகளைப் புரட்டினாராம். நீலக் கார் வைத்திருந்த பதினொரு வீட்டைக் கண்டுபிடித்து, உயிரோடு இருக்கிற ஏழு வீட்டாரிடம் விசாரித்தார்களாம். எதுவும் பொருந்தவில்லை. அதே இல்லத்தில் இருந்து சின்ன வயதில் தத்துப் போனவர்களின் பதிவுகளும் சில அவர்களிடம் இருக்கிறதாம். அதில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்லமாட்டாளாம், சொன்னால் நான் அதற்கேற்ப நினைவு வைத்துக்கொள்வேனாம். என்னைப் பற்றி எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் பார்! “உங்க அக்காவும் அந்த நாளைப் பத்திச் சொல்லியிருக்காங்க. ஆனா அவங்க பார்க்கலை, என் தம்பி பார்த்தான்னுதான் சொல்றாங்க. பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான் ஐயா” என்றாள்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை கோடு போட்டுத் தள்ளினேன். வாயால் சொன்னேன் என்றால் பார்த்துத்தானே சொல்லியிருப்பேன்? மறுநாள் காலையில் காபித் தம்ளரோடு உட்கார்ந்து ஒருதரம் படித்தேன். இரண்டாவது பக்கத்தில் உன் தாத்தா கப்பல் அதிகாரி. அவர் கப்பலில் மூட்டை ஏற்றினவர் மகளே. தோளில் ஒரு தடிப்பு இருக்கும், அதன்மேல் நான் தலை வைத்திருக்கிறேன். அது பார்த்தது, தொட்டது. அதிகாரி தொப்பியை நான் பார்த்ததில்லை. ரப்பரை எடுத்து அழித்தேன். ஆறாம் பக்கத்துக் குதிரை இருந்தது, ஆனால் பால் வண்டி இழுக்கிற கிழட்டுக் குதிரை, நான் சவாரி போனதெல்லாம் கிடையாது. வார்டன் அம்மாவை நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போவேன். ரொட்டி கடைசி வரை அதே அளவுதான்.

நாலு நாள் இப்படி அழித்தேன். மேசை முழுக்க ரப்பர் தூள். உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, என்ன, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா என்று கேட்டாள். கடைசியில் ஒன்பது வரிதான் மிஞ்சியது. என் கட்டிலில் இருபத்தேழு என்று எழுதியிருந்தது ஒன்று. ஆண்பிள்ளைகள் பக்கத்துக்கும் பெண்பிள்ளைகள் பக்கத்துக்கும் நடுவில் கம்பிவலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வலையின் கதவைத் திறந்துவிடுவார்கள், அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம். என் சட்டையில் வேறு ஒருவனின் எண் தைத்திருந்தது. இந்த மாதிரி ஒன்பது. ஏழு மணி நேரம் பேசினவனிடம் தேறினது அவ்வளவுதான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். பதினாலாம் பக்கத்தில் நின்றாள். அங்கேயிருந்து பத்தொன்பது வரை நீலக் கார். “இந்த ஆறு பக்கத்துல ஒரு கோடு கூட இல்லையே ஐயா” என்றாள். பென்சில் முனை உடைந்துவிட்டது என்றேன். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து கூராகச் சீவின இன்னொரு பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். அப்புறம் எழுந்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து பதிவுப் பெட்டியைப் போட்டாள்.

அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன். மேடையில் நின்று கூவிப் பழகின வாய், நடுவில் எங்கேயாவது சரக்கை உயர்த்திச் சொல்லிவிட்டால் மன்னித்துக்கொள். முடிந்தவரை அடக்கி எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயது. உன் அம்மாவுக்கு ஒன்பது. பட்டாணிக்கு மூன்று. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நோயறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல், யாரும் பார்க்கப் போகக் கூடாது. ஒரு காலையில் வார்டன் அம்மா என்னை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மனிதரும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார். பட்டாணி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். யாரிடமும் போகவில்லை, பேசவில்லை. நான் பேச்சுக் கொடுத்தால் அவள் வாய் திறப்பாள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்ததும் வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி, குழந்தைக்குப் பேச வருமா, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடவே ஒரு ஆசையும் வந்தது. நன்றாகச் சொன்னால் மூன்று பேரையும் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன் மகளே. இவளுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும் என்றேன். மூன்றுக்கு மேல் தெரியாது. ஆறு பாட்டுப் பாடுவாள் என்றேன். எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், அழவே மாட்டாள், ஒரு நாள் கூடக் காய்ச்சல் வந்ததில்லை என்றேன். எனக்கு ஷூ துடைக்கத் தெரியும், எங்கள் அக்காவுக்குத் தைக்கத் தெரியும், நாங்கள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவோம், மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொள்வோம் என்றேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு என் தலையைத் தடவினார். பையன் நல்லாப் பேசறான் என்றார். அந்தப் பெண்மணி பட்டாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச அவர் முகம் கனிவதைப் பார்த்தேன். அதைப் பார்த்து இன்னும் பேசினேன்.

நாற்பது வருஷமாக ஏலம் போடுகிறேன். ஆள் எப்போது முடிவுக்கு வருகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று எல்லாரும் கேட்பார்கள்.

பட்டாணியை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். என் சட்டையைப் பிடித்திருந்த விரல்களை வார்டன் அம்மா பிரித்தார். என்னை வெளியே நடையில் நிற்கச் சொன்னார்கள். நடையில் ஜன்னல் உயரத்தில் இருந்தது, கண்ணாடியும் பால் நிறம். வண்டிச் சத்தம் கேட்டதா என்று பதிவுக்காரப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இல்லை. ஒரு கதவுச் சத்தம் மட்டும் கேட்டது. காரா, பஸ்ஸா, நடந்தே போனார்களா, எனக்குத் தெரியாது. அந்த நீலக் காரை டயரில் இருந்து ஹாரன் வரைக்கும் நானே பூட்டினேன். நாலு மாதமாக ஒரு பெரியவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடினது என் காரை.

ஒன்பது நாள் கழித்து உன் அம்மா நோயறையில் இருந்து வெளியே வந்தாள். பட்டாணியின் கட்டில் காலி. பெரியவர்கள் ஒருத்தரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வலைக்கதவைத் திறந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். தலைமுடி எல்லாம் கொட்டி, பாதியாக இளைத்திருந்தாள். நான் என்ன சொல்லட்டும்? கார் என்றேன். பொம்மை என்றேன். சிரித்துக்கொண்டே போனாள் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது போதாது என்று, நமக்கும் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள் என்று சேர்த்துவிட்டேன்.

உன் அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் தொட்டுத் தலை வாரிக்கொண்டு, தன் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்காருவாள். இரண்டு வருஷம். நானும் பக்கத்தில் உட்காருவேன். சில நாள் நானே நம்பினேன், தெருமுனையை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

பதிவு முடிந்ததும் அந்தப் பெண் பெட்டியை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நானும் அக்காவும் ஒருவர் பேசினதை மற்றவர் படிக்கலாம் என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதை ஞாபகப்படுத்தினாள். “பதினைஞ்சு நாள்ல இதை எழுத்தாக்கி அவங்களுக்கும் அனுப்பணும். அதுக்குள்ள நீங்களே சொன்னா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது ஐயா. முடிவு உங்களது” என்றாள். உன் அம்மா பேசினதின் பிரதியை என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அதைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் இதையெல்லாம் எழுதத் துணிந்தேன். பதினாறே பக்கம். அதில் உன் அம்மா சொல்லியிருக்கிறாள்: “என் பிள்ளை ஸ்கூல் பஸ்ல இருந்து இறங்கறப்போ இறங்கற பிள்ளைங்க எல்லாரையும் எண்ணுவேன். என் பிள்ளை ஒண்ணுதான், ஆனா மொத்தத்தையும் எண்ணி முடிச்சாத்தான் எனக்கு மூச்சு வரும். பிள்ளை இருக்கான்னு யாராவது வாயால சொல்லணும். அன்னைக்கு எனக்கு யாருமே சொல்லலை.” அந்த ஆறு போனுக்கும் கணக்கு இதுதான். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான், நானோ உன்னை அந்த நீலக் கார் கதையில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும், துணி மடிக்கிற வேகம் குறையவில்லை. படுக்கை விரிப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பிடி என்றாள். நான் முனையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். ஆபீஸ் அறை, தொப்பி, நூறு வரை எண்ணத் தெரியும் என்று சொன்னது, எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அழுதாளா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது மகளே. நாக்கு நுனியில் நின்றது. சிரித்தாள் என்று கூட வந்தது. “சத்தம் வரலைக்கா. வாய் மட்டும் திறந்திருந்துச்சு. என் சட்டையைப் பிடிச்சிருந்த விரலை ஒவ்வொண்ணா எடுத்தாங்க” என்றேன். நீ என்ன பண்ணிட்டிருந்தே என்று கேட்டாள். பேசிட்டிருந்தேன்க்கா என்றேன்.

உன் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். “ஏழு வயசுடா உனக்கு” என்றாள். எனக்கு அப்போதே உயிர் வந்த மாதிரி இருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவள் விடவில்லை. “அப்போ ஞாயித்துக்கிழமை வர்றோம்னு அவங்க சொன்னது?” என்று கேட்டாள். அதுவும் நான்தான் என்றேன்.

விரிப்பின் முனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தனியாகவே நாலாக மடித்தாள். அலமாரியில் வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் அம்மா வீட்டுக்குள் எந்தக் கதவையும் சாத்தமாட்டாள் என்று உனக்கே தெரியும், குளிக்கும்போது கூட ஒரு விரல்கடை திறந்தே இருக்கும். அன்றைக்குத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பதின்மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் போனால் நாற்காலியை நகர்த்திப் போடுவாள், தம்ளரில் தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். மண்டியில் என் குரல் எழும்பவில்லை. நல்ல உறுதியான அலமாரி ஒன்றை, இது அலமாரி என்று மட்டும் சொல்லி விற்றேன். முதலாளி, உடம்பு சரியில்லையா என்று கேட்டு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில் பதிவுக்காரப் பெண்ணிடமிருந்து ஒரு தாள் வந்தது. நான் இரண்டாவது தடவை சொன்னதைப் படித்த பிறகு, அவர்களிடம் பதிவு கொடுத்திருக்கிற ஒருவருக்கு ஒரு கடிதம் அனுப்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறதாம். அது யார், எங்கே, எதுவும் சொல்லமாட்டார்கள். அவர் நம்மைப் பார்க்க விரும்பலாம், விரும்பாமலும் போகலாம், அவர் பட்டாணியாகவே இல்லாமலும் போகலாம், மாதக்கணக்கில் பதிலே வராமலும் இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால்தான் கடிதம் போகும். நான் போட்டு, அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். மறுநாள் நூலகத்தில் விசாரித்தேன். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே உன் அம்மா வாசலில் நின்றிருந்தாளாம். கையெழுத்துக்குக் கீழே தன் விலாசத்தை இரண்டு தடவை எழுதியிருந்தாளாம், ஒன்று தெளிவாக இல்லாவிட்டால் மற்றது இருக்கட்டும் என்று.

நேற்று போன் அடித்தது. எடுத்தால் அக்கா. சுகமா என்று கூடக் கேட்கவில்லை. “பேத்திக்குத் தன் முழுப் பேரு சொல்ல வருமாடா? அம்மா பேரு, அப்பா பேரு, இருக்கற தெரு, இதெல்லாம் சொல்லுவாளா?” என்று கேட்டாள். சொல்லுவாள் அக்கா, தலைகீழாகச் சொல்லுவாள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரியலைக்கா என்றேன். “அப்போ அவ அம்மாவுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேளு” என்று வைத்துவிட்டாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் உனக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் சேர்ந்துகொண்டது. எனக்குப் பதில் எழுதாதே மகளே, நான் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவேன். நீயே உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். பிள்ளைக்குச் சொல்ல வருமென்றால் அவளையே சொல்ல வை, அவள் வாயால் அக்கா கேட்கட்டும். வராவிட்டால் இன்றைக்கே ஆரம்பித்துவிடு. தன் பேரு, உன் பேரு, மாப்பிள்ளை பேரு, வீட்டு எண், தெரு. அதற்கு அடுத்து அம்மம்மா பேரு. பட்டாணிக்கு இதையெல்லாம் நாங்கள் இல்லத்தில் மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தோம், அவளுக்கு அந்தப் பட்டப்பேரைத் தவிர ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை.

பிள்ளை தன்னைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேர் பேரையும் அறிந்து, கேட்டவருக்குக் கூசாமல் சொல்லி, நூறு வயது இருக்கட்டும். எல்லாப் பேரும் சொல்லிக் கொடுத்து முடித்த பிறகு, அவளுக்கு இன்னும் ஒன்று நினைவில் நிற்கும் என்று உனக்குத் தோன்றினால், என் பேரையும் சேர்த்துக்கொள்.

உன் அம்மாவின் தம்பி